மண்டையோட்டை அறுத்துத் திருத்துவதிலிருந்து வளரவிட்டுத் திருத்துவது வரை

கேள்வி இதுதான்: மண்டையோடும் முகமும் சேர்ந்து கோணலாகப் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்கிற கிரேனியோஃபேஷியல் சர்ஜரி எப்படி வளர்ந்தது? இனி ரோபோவும் ஏஐயும் அதை எங்கே கொண்டுபோகும்?

பின்பாதிக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம். இந்தத் துறையில் ரோபோவின் பங்கு இன்னும் சிறியது. கடந்த முப்பது ஆண்டுகளில் எல்லாவற்றையும் மாற்றியது வேறு ஒன்று: எலும்பைப் பெரிதாக வெட்டி எடுத்து அடுக்குவதைக் குறைத்து, குழந்தையின் சொந்த வளர்ச்சியை வைத்தே திருத்தும் வேலையை வாங்கிக்கொண்டது. அதற்குக் கொடுக்கிற விலை, காலக்கெடு கடுமையாகிவிட்டது. மூன்று மாதத்தில் வரும் குழந்தைக்கு ஒரு சிகிச்சை. பத்து மாதத்தில் வந்தால் முற்றிலும் வேறு, பெரிய சிகிச்சை.

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல துண்டுகள். நடுவே தையல் கோடுகள்: உச்சியில் முன்பின்னாக ஓடுவது சஜிட்டல், உச்சிக்குழியிலிருந்து இரண்டு காதுப் பக்கமும் இறங்குவது கொரோனல், நெற்றி நடுவில் மெட்டோபிக், பின்மண்டையில் லாம்டாய்டு. பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ.; ஒரு வயதில் சுமார் 46 செ.மீ. இவ்வளவு வேகத்தில் மூளை உள்ளேயிருந்து தள்ளும்போது ஒரு தையல் முன்கூட்டியே ஒட்டிப்போனால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கான திசையில் மண்டை விரியாது. மூளை வேறு பக்கம் இடம் தேடும். ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ 1851இலேயே சொன்ன விதி இது. சஜிட்டல் ஒட்டினால் தலை கவிழ்த்த படகு போல நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஆகும். ஒரு பக்கக் கொரோனல் ஒட்டினால் அந்தப் பக்க நெற்றி தட்டையாகி, கண்குழியின் மேல்விளிம்பு ஏறி, மூக்கின் வேர் அதே பக்கம் சாயும். இப்படி ஏதாவது ஒரு தையல் முன்கூட்டியே ஒட்டுவது ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு; அதில் சஜிட்டல்தான் அதிகம்.

இந்த அறுவை சிகிச்சையின் தொடக்கம் பெருமைப்படக்கூடியதாக இல்லை. 1890 வாக்கில் பாரிஸில் லானலோங், அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் லேன் ஆகியோர் ஒட்டிய தையலை நீளவாக்கில் வெட்டித் திறந்தார்கள். பிரச்சினை, யாருக்குச் செய்தார்கள் என்பதில் இருந்தது. மூளையே வளராததால் தலை சிறுத்துப்போன குழந்தைகள் பலர் மேசைக்கு வந்தார்கள். அங்கே தையல் மேல் குற்றமே இல்லை. தள்ள மூளை இல்லாததால் மண்டை விரியவில்லை. 1894இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் ஏபிரகாம் ஜேக்கோபி, இப்படி அறுக்கப்பட்ட 33 குழந்தைகளில் 15 பேர் இறந்ததைச் சொல்லிக் கடுமையாகக் கண்டித்தார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் யாரும் கிட்டே போகவில்லை. தலை சிறியதா, வடிவம் மாறியதா என்று பிரித்துப் பார்ப்பது இன்றும் முதல் படியாக இருப்பதற்குக் காரணம் இந்த வரலாறுதான்.

இந்த இடத்தில் சுஸ்ருதரைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்யும் முறை புனே பக்கம் வழக்கத்தில் இருந்ததும், அது 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்து ஐரோப்பாவைத் தூண்டியதும் உண்மை. ஆனால் அது தோல், சதை வேலை. முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லிஸ் செய்ததும் பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். முக எலும்பையே மண்டையிலிருந்து கழற்றி இடம் மாற்றுவது வேறு துணிச்சல்.

அதற்கான வரைபடம் 1901இல் லீல் நகரத்து ரெனே லெ ஃபோர்ட் கொடுத்தது. பிணங்களின் முகத்தை அடித்து உடைத்துப் பார்த்தவர், முக எலும்பு கண்டபடி நொறுங்காமல் மூன்று நிலைகளில் ஒழுங்காகப் பிரிவதைக் கண்டார். முதலாவது பல்வரிசைக்கு மேலே. மூன்றாவதில் கண்குழி உட்பட முகமே மண்டையின் அடித்தளத்திலிருந்து கழன்றுவிடும். விபத்துகளுக்காக வரைந்த இந்தக் கோடுகளையே பிற்காலச் சர்ஜன்கள் உளியால் வேண்டுமென்றே பின்பற்றினார்கள். 1942இல் கில்லிஸ் மூன்றாம் கோட்டில் வெட்டி ஒரு நோயாளியின் நடுமுகத்தை முன்னுக்கு இழுத்தார். அது மெல்லப் பின்னுக்குப் போனது. அவரும் அதைத் தொடரவில்லை.

ஏன் பின்னுக்குப் போனது என்பதில்தான் இந்தத் துறையே பிறக்கிறது. தையல்கள் ஒட்டி நடுமுகம் பின்தங்கும் பிறவி நோயான க்ரூஸோனில் கண்குழி ஆழமில்லாமல் விழி வெளியே பிதுங்கி நிற்கும், இமை மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும். மேல்தாடை பின்தங்கி மூச்சுப் பாதை குறுகும். கில்லிஸ் வெட்டிய கோடு கண்ணீர்ப் பள்ளத்துக்கு முன்னால் போனதால் கண்குழி போதுமான அளவு முன்னுக்கு வரவில்லை. நகர்த்திய எலும்புக்குப் பின்னால் உண்டான இடைவெளியில் முட்டும் இல்லை. பாரிஸை அடுத்த சுரேன் நகரில் ஃபோஷ் மருத்துவமனையில் இருந்த பால் டெஸ்ஸியே இரண்டையும் மாற்றினார். வெட்டைக் கண்ணீர்ப் பள்ளத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். மேல்தாடையின் பின்பக்கம் உட்பட ஒவ்வொரு இடைவெளியிலும் நோயாளியின் சொந்த எலும்பை அடைத்தார். நான்ட் நகரில் பிணங்களில் ஒத்திகை பார்த்துவிட்டு 1958இல் முதல் நோயாளிக்குச் செய்தார்.

அடுத்தது இன்னும் பெரிய தடை. கண்கள் விலகிப் பிறந்தவர்களுக்கு இரண்டு கண்குழிகளையும் பெட்டிபோல் வெட்டி உள்ளே நகர்த்த வேண்டும். கண்குழியின் கூரை மூளையின் தரை. மூக்கின் கிருமிகள் மூளைக்குப் போகும் என்ற பயத்தில் யாரும் அந்தச் சுவரைத் திறக்கவில்லை. நரம்பியல் சர்ஜன் ஜெரார் கியோவுடன் சேர்ந்து டெஸ்ஸியே மேலிருந்து மண்டையைத் திறந்து மூளையை மெதுவாக உயர்த்திப் பிடித்து, பார்வை நரம்பு நுழையும் பின்பக்க முனையைத் தொடாமல், அதற்கு முன்னால் உள்ள கண்குழியை மட்டும் சுற்றி வெட்டினார். நடுவில் அதிகமாக இருந்த எலும்பை எடுத்துவிட்டு இரு பெட்டிகளையும் சேர்த்தார். 1967இல் ரோம் மாநாட்டில் அவர் இதைக் காட்டியதிலிருந்துதான் கிரேனியோஃபேஷியல் சர்ஜரியைத் தனித் துறையாக எண்ணுகிறார்கள். கண்குழியைக் கண்ணோடு நகர்த்தலாம், பார்வை போகாது. முகத்தோலில் கீறாமல் காதிலிருந்து காதுவரை உச்சந்தலையில் கீறி முழு முகத்தையும் கீழே உரித்து இறக்கலாம். ரத்த ஓட்டம் இல்லாத எலும்புத் துண்டுகள்கூடப் பிடித்துக்கொள்ளும். இன்றைய பெரிய அறுவைகள் எல்லாம் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன.

எழுபதுகளில் இந்த வேலை கைக்குழந்தைகளுக்கு இறங்கியது. நெற்றியையும் கண்குழியின் மேல்விளிம்பையும் தனித்தனியாக எடுத்து, மேசையில் வைத்து வளைத்து, சுமார் 10 முதல் 15 மி.மீ. முன்னே தள்ளிப் பொருத்துவார்கள். இன்றும் பரவலாக நடப்பது இதுதான். வயது பொதுவாக 6 முதல் 12 மாதம். இந்த வரம்புக்குக் காரணம் உண்டு. மிகச் சீக்கிரம் செய்தால் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக இருக்கும், பொருத்தியது நிற்காது, மறுபடி சுருங்கும் வாய்ப்பும் அதிகம். ஒன்றரை வயதைத் தாண்டினால், முன்னே தள்ளியதால் விழுந்த ஓட்டைகளை மூளையுறை புது எலும்பு போட்டு நிரப்புவது குறைந்துவிடும். பிறகு அந்த இடத்தை அடைக்கத் தனி அறுவை வேண்டும். பெரியவர்களிடம் செய்வது போல மண்டையோட்டு எலும்பை இரண்டு தகடாகப் பிளந்து ஒன்றை முட்டாக வைக்கவும் இந்த வயதில் முடியாது. நடுவே பஞ்சு அடுக்கு உருவாக மூன்று நான்கு வயதாவது ஆக வேண்டும்.

கீறலை நேர்கோடாகப் போடாமல் வளைந்து வளைந்து போடுவார்கள். நேர்த்தழும்பு இருந்தால் தலை நனைந்ததும் முடி அந்தக் கோட்டில் வகிடாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்த அறுவையில் உயிர் போவது பெரும்பாலும் எலும்பால் அல்ல, ரத்தத்தால். குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 75 முதல் 80 மி.லி. ரத்தம். 7 கிலோ குழந்தை என்றால் மொத்தமே 525 முதல் 560 மி.லி. அதில் 150 மி.லி. போனால் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. உச்சந்தலைத் தோலும் எலும்பும் ஒழுகிக்கொண்டே இருக்கும். துணிக்கு அடியில், பஞ்சில் போவது கணக்கில் வராது. சரியாகக் கணக்கிடாமல் வெறும் சலைனும் சிவப்பணுவும் மட்டும் ஏற்றினால் உறையும் சத்து நீர்த்துப்போய், முன்னைவிட வேகமாகக் கசியும். உச்சியின் நடுவில் ஓடும் பெரிய சிரை கிழிந்தால் ரத்தம் போவது மட்டுமில்லை. தலை இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் அந்த வாயால் காற்றும் உள்ளே போகும். மயக்க மருந்து டாக்டர் மார்பின் மேல் டாப்ளர் என்ற ஒலிக்கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அதற்காக. கண்ணைச் சுற்றி இழுக்கும்போது இதயத் துடிப்பு திடீரென இறங்கினால் முதல் சிகிச்சை, சர்ஜன் கையை எடுப்பது.

இதற்கு வந்த பெரிய தீர்வு மலிவான மருந்து: டிரானெக்ஸாமிக் அமிலம். உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும். 2011இல் வெளியான பாஸ்டன் ஆய்வு, ரத்தம் ஏற்றும் தேவை குறைவதைத் தெளிவாகக் காட்டியது. அதில் கொடுத்தது கிலோவுக்கு 50 மி.கி. தொடக்க அளவு, வலிப்பு வரலாம் என்பதால் இன்று பல இடங்களில் 10 முதல் 30 மி.கி., பிறகு மணிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்று குறைத்துக் கொடுக்கிறார்கள். கீறும் இடத்தில் முன்கூட்டியே அட்ரினலின் கலந்த திரவம் ஏற்றுவது, தோல் விளிம்பில் கிளிப் போடுவது எல்லாம் இதனோடு சேர்ந்தவை. எந்த ரோபோவைவிடவும் இந்த ஒரு ஊசி செய்திருக்கிற நன்மை அதிகம் என்பேன்.

பொருத்தும் சாமானிலும் ஒரு பாடம் உண்டு. பெரியவர்களுக்குப் போடும் டைட்டானியம் பிளேட்டைக் குழந்தைக்குப் போட்டால், சில வருடங்களில் அது மண்டைக்கு உள்பக்கம் மூளையுறைமேல் கிடக்கும். பிளேட் எங்கும் நகர்வதில்லை. வளரும் மண்டையோடு வெளிப்பக்கம் எலும்பு சேர்த்து உள்பக்கம் கரைத்துக்கொண்டே போவதால் எலும்புதான் அதைத் தாண்டிப் போகிறது. அதனால்தான் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கரையும் பிளேட்டுகள் வந்தன. வெந்நீரில் வாட்டி வளைக்கலாம். சுமார் ஒரு வருடத்தில் கரைந்துவிடும். கரையும்போது சிலருக்கு அங்கே தோலடியில் வீக்கம் தெரியும். கிருமி இல்லாவிட்டால் தானே அடங்கும்.

உண்மையான திருப்பம் ரஷ்யாவில் சைபீரியாவின் குர்கன் நகரிலிருந்து வந்தது. எலும்பை வெட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் இடைவெளியில் புது எலும்பு தானே உருவாகும் என்பதை அங்கிருந்த எலும்பு மருத்துவர் இலிஸரோவ் கை, கால்களில் நிரூபித்திருந்தார். 1992இல் நியூயார்க்கில் மெக்கார்த்தி குழு அதைக் குழந்தைகளின் கீழ்த்தாடையில் செய்து காட்டியது. 1997இல் பாலி, ஃபிகரோவா இருவரும் தலையைச் சுற்றி வளையம் மாட்டி நடுமுகத்தை வெளியிலிருந்து இழுக்கும் கருவியைக் கொண்டுவந்தார்கள். டெஸ்ஸியே ஒரே நாளில் இழுத்தபோது எதிர்த்தது எலும்பு இல்லை. தோல், தசை, தழும்பு. மெதுவாக இழுத்தால் அவையும் கூடவே வளரும். ஒரே அடியில் 10 மி.மீ. நகர்த்தவே திணறிய முகத்தை இதில் 20 மி.மீ.கூடக் கொண்டுவரலாம், எலும்பு முட்டும் வேண்டாம்.

முறை இப்படி: வெட்டிய பிறகு 5 முதல் 7 நாள் சும்மா விடுவது. பிறகு தினம் 1 மி.மீ.; பெரும்பாலும் காலை அரை, மாலை அரை. போதுமான தூரம் வந்ததும் 6 முதல் 12 வாரம் கருவியை அப்படியே வைத்து எலும்பு இறுக விடுவது. மிகவும் மெதுவாகத் திருகினால் நடுவழியிலேயே எலும்பு சேர்ந்து பூட்டிக்கொள்ளும்; வேகமாகத் திருகினால் எலும்புக்குப் பதில் நார் தான் வரும். வீட்டில் பெற்றோர் திருகும்போது திசை மாறிப்போவது அடிக்கடி நடக்கும் தவறு. திருகாணியில் வண்ணக் குறியும், தேதி போட்ட தாளும் கொடுத்து அனுப்ப வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலும்பு மெல்லிசு என்பதால் வளையத்தின் ஊசி உள்ளே இறங்கும் அபாயம் உண்டு. ஸ்கேனில் தடிப்பை அளந்துதான் இடம் குறிப்பார்கள். இழுக்கும் புள்ளி தவறினால் முகம் நேராக வராமல் சுழன்று, முன்பற்கள் சேராமல் வாய் திறந்தே நிற்கும். க்ரூஸோன் போன்ற நோய்க்குறித் தொகுதி (சிண்ட்ரோம்) உள்ள குழந்தையின் நடுமுகம் அதன்பிறகு சரியாக வளராது என்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே இழுத்து நிறுத்துவார்கள்.

நெற்றியும் முகமும் ஒரே துண்டாக முன்னே வரும் மோனோபிளாக் அறுவையை இதுதான் காப்பாற்றியது. 1978இல் மெக்சிகோவின் ஆர்ட்டிஸ் மொனாஸ்டேரியோ அறிமுகப்படுத்தியபோது, மூளைக்குக் கீழே உடனே பெரிய வெற்றிடம் விழுந்து மூக்கோடு திறந்துகொண்டது. மூளைக்காய்ச்சலும் நெற்றி எலும்பு சீழ்ப்பிடிப்பும் வந்தன. மெதுவாக இழுத்தால் அந்த வெற்றிடம் ஒரேயடியாக உருவாவதில்லை. காத்திருக்கும் ஐந்தாறு நாளில் மூக்கின் சவ்வு மூடிக்கொள்கிறது. 2009 முதல் பர்மிங்காம் குழு பின்மண்டையையே இப்படி விரித்துக் காட்டியது. பல தையல் ஒட்டிய குழந்தைக்கு முதல் வருடத்தில் மூளை அழுத்தத்தைக் குறைக்க இன்று பல மையங்களில் முதலில் செய்வது இது.

சஜிட்டல் மட்டும் ஒட்டிய சாதாரணக் குழந்தைக்கு இரண்டு எளிய வழிகள் வந்தன. ஒன்று, 1998இல் ஹிமெனஸ், பரோன் வெளியிட்டது: இரண்டு சிறு கீறல், எண்டோஸ்கோப் வழியாக ஒட்டிய தையலை ஒரு பட்டையாக எடுத்துவிடுவது. ஒரு மணி நேர வேலை, அடுத்த நாள் பெரும்பாலும் வீடு. ஆனால் அறுவை பாதிதான்; மீதியை ஹெல்மெட் செய்கிறது. தினம் 23 மணி நேரம், ஒரு வயது வரை. தலை வளர வளர ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் லாரிட்ஸன் தொடங்கியது: வெட்டிய இடைவெளியில் எஃகு ஸ்பிரிங் வைத்து விரியவிடுவது. ஹெல்மெட் வேண்டாம்; சில மாதம் கழித்து ஸ்பிரிங்கை எடுக்க இன்னொரு சின்ன அறுவை. தமிழ்நாட்டு வெயிலில் கைக்குழந்தைக்கு 23 மணி நேர ஹெல்மெட் என்றால் வேர்க்குரு, தோல் புண், கழற்றி வைத்துவிடுதல் எல்லாம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து அளவு பார்க்க ஊர் தூரமும் இடம் கொடுக்காது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஸ்பிரிங்கே பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டுமே சுமார் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான். ஹெல்மெட் வழிக்கு மூன்று மாதமே நல்ல வயது.

இனி வருவது. கணினியில் முன்கூட்டியே வெட்டிப் பார்த்து, அதற்கான வெட்டுவழிகாட்டியை 3டி பிரிண்ட் எடுத்து, நீராவியில் கிருமி நீக்கி கொண்டுவருவது பெரிய மையங்களில் சகஜமாகிவிட்டது. 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்கேன் துண்டுகள் வேண்டும்; பழைய, தடித்த துண்டு ஸ்கேனில் கண்குழியின் மெல்லிய சுவர் ஓட்டையாகத் தெரிந்து வழிகாட்டி உட்காராது. மேசையில் வளைத்துப் பார்க்கிற நேரம் குறைவதால் ரத்தமும் மிச்சம். ஆனால் எலும்பை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் மேலே தோல் எப்படி உட்காரும், ஐந்து வருடம் கழித்து எப்படி வளரும் என்பதைக் கணினி இன்னும் சொல்வதில்லை. ஏஐயின் பயன் வேறு இடத்தில் வரும் என்று நினைக்கிறேன்: மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து, இது படுத்ததால் வந்த தட்டையா, தையல் ஒட்டியதா என்று சந்தேகத்தை எழுப்பி உரிய இடத்துக்கு அனுப்புவது.

மருந்தால் தடுக்க முடியுமா? மரபணுக் காரணம் தொண்ணூறுகளிலேயே கிடைத்தது. க்ரூஸோன், அதைப் போன்ற இன்னொரு பிறவி நோயான ஏப்பர்ட் இரண்டுக்கும் பெரும்பாலும் எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு. ஏப்பர்ட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் இரண்டே குறிப்பிட்ட எழுத்து மாற்றங்கள்தான். 2007இல் ஏப்பர்ட் எலிகளில், கருவிலிருந்தே அதன் சமிக்ஞையைத் தடுத்து மண்டை ஒட்டாமல் காத்தார்கள். சிக்கல் காலம்தான்: ஏப்பர்ட் குழந்தையின் கொரோனல் தையல் கருவிலேயே ஒட்டிவிடும், நாம் பார்க்கும்போது மருந்துக்கு வேலை முடிந்துவிட்டது. அதைவிட நம்பிக்கை தருவது 2021இல் யாங் சாய் குழு காட்டியது. ட்விஸ்ட்1 என்ற மரபணுவில் குறையுள்ள எலிகளில் ஒட்டிய தையலை எடுத்துவிட்டு, அங்கே தண்டணுக்களை வைத்துப் புதுத் தையலையே வளர்த்தார்கள். மூளை அழுத்தமும் நடத்தையும் சீரானது. குழந்தைக்கு வர வெகு தூரம் இருக்கிறது. ஆனாலும் ஸ்பிரிங், ஹெல்மெட் எல்லாம் போகிற திசையின் அடுத்த படி இதுதான்.

முகமாற்று அறுவையைப் பற்றியும் கேட்பார்கள். 2005இல் பிரான்ஸின் ஆமியான் நகரில் தொடங்கி உலகில் சுமார் ஐம்பது பேருக்கு நடந்திருக்கிறது; 2023இல் நியூயார்க்கில் கண்ணோடு சேர்த்தே பொருத்தினார்கள், கண் உயிரோடு இருக்கிறது, பார்வை இல்லை. உடல் புது முகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து வாழ்நாள் முழுக்கத் தேவை. சிறுநீரகம், புற்றுநோய் அபாயம் கூடவே வரும். தீ, துப்பாக்கி, விலங்குக் கடியால் முகமே போன பெரியவர்களுக்கு அது. பிறவிக் கோணலுக்கு விடை அல்ல.

நடைமுறையில் நம்மூரில் நேரம் வீணாவது ஒரே இடத்தில். குழந்தையின் தலை கோணலாக இருந்தால் 'எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகிவிடும்' என்று எட்டு மாதம் போய்விடும். படுத்ததால் வந்த தட்டை தானே சரியாகலாம். ஒட்டிய தையலை எந்த உருவலும் பிரிக்காது. மேலிருந்து பாருங்கள்: படுத்ததால் வந்த தட்டையில், தட்டையான பக்கத்துக் காதும் நெற்றியும் சேர்ந்து முன்னே தள்ளியிருக்கும். பின்தையல் ஒட்டியிருந்தால் காது முன்னே வராது, கீழே இறங்கும். காதுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கும். தையல் கோட்டில் விரல் ஓட்டினால் மேடு தட்டுப்படும். நெற்றி நடுவில் லேசான மேடு மட்டும் இருந்து, கண்கள் நெருங்காமல், நெற்றி முக்கோணமாகாமல் இருந்தால் பெரும்பாலும் அறுவை வேண்டாம். உச்சிக்குழி திறந்திருப்பது எதையும் உறுதி செய்யாது. சஜிட்டல் ஒட்டிய பல குழந்தைகளுக்கு அது திறந்தே இருக்கும். ஆறு மாதத்துக்குள் சந்தேகம் இருந்தால் உடனே சி.டி.க்கு ஓட வேண்டியதில்லை. பழகிய ரேடியாலஜிஸ்ட் தையலை அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம்: திறந்த தையலில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்பு இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இல்லை என்றால்தான் சி.டி.; அதுவும் எங்கே அறுவை நடக்குமோ அங்கேயே, மெல்லிய துண்டுகளில், ஒருமுறை மட்டும்.